உங்களுக்குத் தெரியுமா? சாரல் ஊரின் பாதுகாப்புத் துணுக்குகள்

குற்றாலம் என்றதும் அருவிக் குளியலும் பார்டர் பரோட்டாவும் நினைவுக்கு வரும். அந்த மலையும் தண்ணீரும் முறைத்துக்கொள்ளும் நாளில் என்ன செய்வது? தென்காசி மாவட்டக்காரர்களும், சீசனுக்கு அவர்கள் வீட்டில் வந்து இறங்கும் விருந்தாளிகளும் தெரிந்துகொள்ளச் சில துணுக்குகள்.

சீசனுக்கு வெளியேயும் ஆபத்து

குற்றால சீசன் என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைப் பலிகொண்டது 2024 மே 17 அன்று. சாரல் தொடங்காத கோடைமழைக் காலம் அது. அதே ஆண்டு டிசம்பரிலும் அருவிகளில் வெள்ளம் பாய்ந்தது. அது வடகிழக்குப் பருவமழையின் கைவரிசை. ‘இப்போது சீசன் இல்லையே’ என்ற தைரியம் செல்லாது.

ஒரு சென்டிமீட்டர் மழை, ஒரு கோடி லிட்டர்

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் ஒரு கோடி லிட்டர். மலையுச்சியில் அது கொட்டும்போது கீழே குளிப்பவர் தலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் செம்மண் நிறத்துக்குக் கலங்குகிறதா? சருகும் சுள்ளியும் சேர்ந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? ஒன்று தெரிந்தாலும் போதும், துண்டையும் பையையும் தேடாமல் மேடேறுங்கள்.

வேகம் தணிக்கும் பள்ளம்

பேரருவியின் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. மேலே பாறையில் இருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அதனால்தான் அதன் அடியில் நம்மால் நிற்க முடிகிறது. வெள்ளம் பெருகி, கீழே உள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. அப்போது தண்ணீரோடு கல்லும் மரக்கிளையும் வரும். தடையை மீறுவது வீரமல்ல.

அரை அடி போதும்

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் நிலைதடுமாற வைக்கும். ஓர் அடி, சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடி, பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், ‘தினமும் போகிற ரோடுதானே’ என்று வண்டியை இறக்காதீர்கள். அடியில் ரோடு இருக்கிறதா என்பதே மேலிருந்து தெரியாது.

குதிக்காதீர்கள், வீசுங்கள்

தண்ணீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கும் கொடுமை. கரையில் படுத்துக்கொண்டு வேட்டி, சேலை, கயிறு, கம்பு, எது கிடைத்தாலும் நீட்டுங்கள். காலி பிளாஸ்டிக் குடம்கூட மிதவைதான். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்குவது கூடவே கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதும்தான் முதலுதவி. ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

நிறங்கள் சொல்லும் சேதி

வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை, ‘கவனமாக இரு’ என்கிறது. ஆரஞ்சு, ‘தயாராகு’. சிவப்பு, ‘உடனே செயல்படு’. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20 செ.மீ., அதற்கும் மேலே அதிகனமழை. பையைக் கட்டும் வேலையை ஆரஞ்சிலேயே முடித்துவிட வேண்டும்.

உதவி வர இரண்டு நாள் ஆகலாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது 95 செ.மீ. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் ஏறத்தாழ 88,000 லிட்டர்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது. எல்லோரையும் மீட்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது; அதுவரை பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். வீட்டில் மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் இருப்பு வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்று நாள் கணக்கு

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் கவலையில்லை. அவல், பொரிகடலை, கருப்பட்டி மூன்றுக்கும் அடுப்பே வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் எப்போதும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். டார்ச், பவர் பேங்க், விசில், நாப்கின், கொஞ்சம் சில்லறை ரூபாய் நோட்டு. கரண்ட் இல்லாத ஊரில் ஜிபே வேலை செய்யாது!

முதலில் எடுக்க வேண்டிய அட்டை

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு அரசு தந்த நிவாரணத் தொகை குடும்ப அட்டையை வைத்து ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அதனால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் முதலில் போக வேண்டியது குடும்ப அட்டை. பிறகு ஆதார், பத்திர நகல், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய எண்கள்

எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108; தமிழ்நாட்டில் இது ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். தீயணைப்புத் துறை 101. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மின்தடைக்கும் அறுந்த கம்பிக்கும் மின்னகம் 94987 94987. கேஸ் கசிவுக்கு 1906. செல்போன் சார்ஜ் தீர்ந்தாலும் சுவரில் இருப்பது அழியாது.

ஆடிக்காற்றும் அறுந்த கம்பியும்

செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று சாரலை மட்டுமா கொண்டுவருகிறது? மரத்தைச் சாய்த்து மின்கம்பியையும் அறுக்கிறது. அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வீட்டுக்குள் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதில் உள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

சிலிண்டருக்கும் தவணை உண்டு

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ‘பி-27’ என்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தத் தேதிக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவு, ஜன்னலைத் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.

இடிக்கு ஒரு கணக்கு

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில். முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். அதுவே ஆபத்தான எல்லை. இடி காதில் விழுந்தால் வயலையும் புளியமரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வரலாம்.

வலிக்காத கடி

கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலையே கவசம். கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வீண். கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய நம் இருளர்கள். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது.

குரங்கு பிறாண்டினால்

குற்றாலக் குரங்குக்குத் தின்பண்டப் பை தெரிந்தால் விடாது. பறித்தால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி இதற்கும் தேவைப்படும். அங்கே அது இலவசம்.

உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

1971 வங்கதேசப் போரின்போது பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலாநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலைதட்டிய அளவு. உப்பு கூடினால் கெடுதல்.

கொட்டினால் போதாது, தேய்க்கவும்

டெங்கு கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய தொட்டியின் சுவரில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரியும். எனவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

முதல் 48 மணி நேரம்

புளியரை எஸ் வளைவு போன்ற இடங்களில் விபத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கும் ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவிக்கு வருபவரைச் சட்டமும் பாதுகாக்கிறது.

ராஜாவின் முன்யோசனை

தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், கோயில் பிற்காலத்தில் பழுதடைந்தால் அதைச் சீர்செய்பவர்களின் பாதத்தில் விழுந்து வணங்குவதாக அன்றே கல்லில் வெட்டிவைத்தான். அவன் அஞ்சியபடியே கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. புதிய ராஜகோபுரம் எழுந்து குடமுழுக்கு கண்டது 1990இல். கட்டும்போதே கெடுதலையும் நினைத்துப் பார்த்தவன் ஆண்ட ஊர் இது.

நாம் கோயில் கட்ட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று வேலை மட்டும் முடியுங்கள்: மூன்று நாள் பையைக் கட்டுங்கள், எண்களைக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்.