ஓட்டு வீட்டைப் பிரிக்குமுன்

கையில் நாலு காசு சேர்ந்தால் நம்ம ஊர்ப்பக்கம் முதலில் நடக்கிற காரியம், ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போடுவதுதான். போட்டு முடித்து வருகிற முதல் சித்திரையிலேயே வீட்டுப் பெரியவர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். அடுத்த கோடைக்குள் ஏ.சி. வாங்கியாக வேண்டும் என்று பேச்சு வருகிறது. வீடு கட்டின கடனே அடைந்திருக்காது, அதற்குள் கரண்ட் பில்லும் சேர்ந்துகொள்ளும்.

பழைய வீடு குளிர்ச்சியாக இருந்தது தற்செயலாக அல்ல. நாட்டு ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கிறது. நடுவில் நிற்கிற காற்று வெயில் சூட்டைச் சட்டென்று இறங்க விடாது. உள்ளே கிளம்புகிற சூடான காற்று மேலே ஏறி, ஓட்டு இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். ஒன்றரை அடி மண்சுவர் வாங்கிய சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காங்கிரீட் தளமும் சூட்டை வாங்கி வைக்கும்தான். ஆனால் அது நாலைந்து அங்குலக் கனம், அதன்மேல் மறைப்பில்லாத நேர் வெயில். பகலெல்லாம் காய்ந்த தளம் பொழுது சாய்ந்த பிறகும் ராத்திரி வெகுநேரம் நம்ம தலையில் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபேன் போட்டால் கூரையடிச் சூட்டைத்தான் கீழே தள்ளுது.

'ஓடு மாத்த ஆள் கிடைக்கல' என்பதுதான் பிரிப்பதற்கு எல்லோரும் சொல்கிற காரணம். நியாயமான காரணம்தான். மொத்தக் கூரையையும் ஒரே மூச்சில் செய்ய நினைக்காமல், வருஷத்துக்கு ஒரு பக்கச் சரிவு என்று வைத்துக்கொண்டால் கையில் இருக்கிற ஆளே போதும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பக்கத்தில் யாராவது வீடு பிரித்தால் நல்ல ஓடாக இருநூறு முந்நூறு வாங்கி அடுக்கி வையுங்கள். ஓட்டைப் பிரிக்கும்போதே கைமரத்தையும் வரிச்சையும் தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒழுகுதே என்று ஓட்டுக்கு அடியில் தார்ப்பாயை ஒட்டிக் கட்டுவது மட்டும் வேண்டாம். ஒழுக்கு நிற்கும், காற்றும் நின்றுவிடும். நாட்டு ஓடு முடியவே முடியாது என்கிறவர்கள் அடியில் தட்டோடு பரப்பி மேலே சீமை ஓடு போடலாம். வேலை குறைவு, நடுவில் காற்று இடைவெளியும் கிடைக்கும்.

சுவரில் நடக்கிற தப்பு இன்னும் பெரிசு. மண்சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும், பிறகு மூச்சு விடுகிற மாதிரி அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. சுவர் உள்ளுக்குள்ளேயே இளகும், நாலைந்து மழைக்குப் பிறகு பூச்சு பாளம் பாளமாக விழும். இறுகிப்போன நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மண்சுவருக்கு மண் பூச்சு, இல்லாவிட்டால் சுண்ணாம்புப் பூச்சு. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் விரிசல் விட்டாலும் சுண்ணாம்புக் காரைதான். முற்றத்துக்கு மேலே குரங்குக்குப் பயந்து ஷீட் போட்டவர்கள், அதைக் கூரையிலிருந்து இரண்டடி தூக்கி, இடைவெளியில் கம்பி வலை அடித்தால் சூடான காற்று போக வழி கிடைக்கும்.

ஏற்கெனவே காங்கிரீட் போட்டாச்சே என்கிறவர்களுக்கு: மண்ணுக்கு மூடாக்கு மாதிரி தளத்துக்கும் மூடாக்கு வேண்டும். சூடு உள்ளே வந்த பிறகு அதை விரட்டுவதைவிட, வராமல் தடுப்பது மலிவு. பங்குனியில் மாடியைக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பில் கஞ்சித் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று கை அடியுங்கள். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். மழைநீர் பிடிக்கிறவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். இதைவிடச் சிறப்பு மாடிக்கு மேலே பந்தல் போட்டு பீர்க்கு, கோவை, அவரை ஏற்றுவது. நிழலும் ஆச்சு, காயும் ஆச்சு. மேற்குச் சுவரில் படுகிற சாயங்கால வெயிலுக்குச் சுவரை விட்டுத் தள்ளி ஒரு முருங்கைக் குச்சி ஊன்றினால் ஒரு வருஷத்தில் ஓரளவு மறைப்புக் கிடைத்துவிடும்.

சிமெண்ட் அட்டைக் கூரை என்றால் எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டையைச் சுரண்டுவது, துளை போடுவது, அறுப்பது எதுவும் வேண்டாம். தனியாகக் கால் நட்டு மேலே பந்தல் போடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகு மெஷின் பக்கம் வரலாம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும், 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இலவச யூனிட் வரம்புக்குள் வீட்டை ஓட்ட நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். ஏர் கூலர் காய்ந்த காற்றில்தான் வேலை செய்யும். கோவில்பட்டியில் சித்திரை மாதம் நன்றாக இருக்கும், நாகப்பட்டினத்தில் புழுக்கத்தைத்தான் கூட்டும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கதைதான். வெட்டிவேர் விளைகிற கடலூர்க் கரையோரத்தில் அது வாசத்துக்கு மட்டும்தான் என்பது வேடிக்கை. வீட்டில் உடம்பு முடியாதவர் இருந்து ஏ.சி. போட்டே ஆக வேண்டுமென்றால், சின்ன அறை ஒன்றுக்குப் பலகைக் கூரை அடித்து அதற்குள் போடுங்கள். ஓட்டு இடுக்கோடு விட்டுவிட்டால் குளிரெல்லாம் வெளியே போய்விடும்.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு: விதை. விதை ஆய்வாளர்கள் சொல்கிற தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தாலும் அப்படியே. திருப்பிப் பார்த்தால், சூடான வீட்டில் விதை சீக்கிரம் சாகும். காங்கிரீட் வீட்டுப் பரண் தளத்தை ஒட்டி இருப்பதால் வீட்டிலேயே சூடான இடங்களில் ஒன்று. அங்கேதான் பலரும் மரபு நெல்லையும் உளுந்தையும் ஏற்றி வைக்கிறார்கள். முதல் வேலையாக அதைக் கீழே இறக்குங்கள். நன்றாகக் காய்ந்த விதையைப் பானையில் போட்டு வாயைக் கட்டி, வெயில் படாத வடக்குச் சுவரோரம், தரை ஈரம் ஏறாதபடி பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.