கத்தியலகில் கருமை

எலுமிச்சை அறுத்த கத்தியைக் கழுவாது வைத்தால் அலகு கறுக்கக் காண்கிறோம். பழச்சாற்றின் அமிலம் இரும்பை அரிப்பதால் விளைவது அது. அடுக்களையில் குறையெனப்படும் இதனையே மலாய், யாவகக் கொல்லர் கலையாக வளர்த்தனர்.

கெரிஸ் என்னும் குறுவாளுக்கு இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கிக் காய்ச்சி அடிப்பர். யாவகத்துப் பிரம்பானானில் கிடைத்த விண்கல்லும் இதற்குப் பயன்பட்டதுண்டு. தீட்டிய அலகில் அடுக்குகள் எளிதில் புலப்படா. எலுமிச்சைச் சாற்றில் ஆர்செனிக் பாஷாணத்தைக் கலந்து பூசினால் இரும்பு கறுக்கும். நிக்கல் அடுக்கு வெண்மை குன்றாது. அவ்வரிகளே ‘பாமோர்’ எனப்படுவன.

நம் தென்னாட்டு மூசை உருக்கும் இத்தகையதே. 1819இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்த அவ்வெஃகில் கரிச்சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கு. அமிலம் பட்டால் கார்பைடு வரிகள் வெளிறி நிற்க, ஏனைய பகுதி கறுக்கும். ஆகவே அமிலம் கோலம் வரைவதில்லை. கொல்லன் உள்ளே வைத்ததை வெளிக்காட்டுகிறது.

இதனை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர், சாதாரண எஃகுப் பேனாக்கத்தியின் அலகில் எண்ணெய்ப் பசையை நீக்கி, அலகை மட்டும் அரைமணி நேரம் காடியில் அமிழ்த்துக. பின் சோடா உப்பு நீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூசுக. கருமை மட்டும் துருவைத் தடுக்காது. துருவேறா எஃகோ குரோமியப் படலத்தின் காப்பால் கறுப்பதில்லை. பாஷாணமும், பால்மரத் தோட்டங்களில் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் மாணவர் கைக்கு எட்டலாகாது.

பேனாக்கத்தியில் வரி தோன்றாது, சீராகவே கறுக்கும். உள்ளே அடுக்கில்லாமையே காரணம் என மாணவர் தாமே கூறுவராயின் பாடம் நிறைவுற்றது.