சஃபாரிக்கு எந்த பைனாகுலர்? பெட்டியில் அச்சிடப்பட்ட எண்கள் உணர்த்துவது என்ன?

மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச் உள்ளிட்ட புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகள் ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக்காக மூடப்பட்டு, அக்டோபர் 1-ஆம் தேதி மீண்டும் திறக்கப்படுகின்றன. ரயில் பயணம், விடுதி, நுழைவு அனுமதி, ஜிப்சி வாகனக் கட்டணம் என ஒரு குடும்பம் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு மேற்கொள்ளும் பயணம் இது. வாகனம் பாதையை விட்டு விலகக் கூடாது. பயணிகள் கீழே இறங்கவும் அனுமதி இல்லை. விலங்குகளோ பல நேரங்களில் புல்வெளியின் மறுகோடியில்தான் தென்படுகின்றன. கன்ஹாவின் பெருமையாகக் கருதப்படும் பாரசிங்கா எனும் சதுப்புநில மான், 200 மீட்டர் தொலைவில் வெறும் கண்ணுக்கு ஒரு பழுப்புப் புள்ளி மட்டுமே. அதன் கிளைத்த கொம்புகளைக் காண பைனாகுலர் தேவை.

ஆயினும் அவசரத்தில் வாங்கப்படும் மலிவான கருவிகள் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகின்றன. அதற்குக் காரணம் விலை மட்டுமன்று. பெட்டியின் மீதுள்ள எண்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்தான்.

8×42 என்றால் என்ன?

ஒவ்வொரு பைனாகுலரிலும் 8×42, 10×50, 8×25 என்பது போன்ற இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்புறக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 8 மடங்கு பெருக்கும் கருவியில் 200 மீட்டர் தொலைவில் நிற்கும் மான் 25 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 10 மடங்கில் அது 20 மீட்டர். வேறுபாடு ஐந்து மீட்டர்தான். ஆனால் அந்த ஐந்து மீட்டருக்குப் பயணி தரும் விலை சிறியதன்று. உருப்பெருக்கம் கூடும்போது கையின் நடுக்கமும் அதே அளவு பெருகுகிறது. கண்ணில் படும் பரப்பு சுருங்குகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் ஜிப்சியில் 10 மடங்குக் கருவியை அசையாமல் பிடிப்பது, பழக்கம் இல்லாதவர்களுக்கு மிகக் கடினம். முதன்முறை செல்வோருக்கு 8 மடங்கே போதுமானது.

சந்தையில் 20, 50 மடங்கு என்று விளம்பரப்படுத்தப்படும் சிறு கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. முக்காலி இன்றி 20 மடங்குக் காட்சியைக் கையில் பிடித்துப் பார்க்க இயலாது. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் பைனாகுலர்களும் குறைந்த விலையில் தெளிவான காட்சியைத் தருவது அரிது.

மற்றொரு குழப்பம் ‘126 மீ / 1000 மீ’ என்ற குறிப்பு. இதைக் காட்டி, ‘ஆயிரம் மீட்டர் வரை பார்க்கலாம்’ என்று விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. அது பார்வைத் தொலைவின் அளவே அன்று. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் 126 மீட்டர் அகலமுள்ள பரப்பு ஒரே பார்வையில் தெரியும் என்பதே அதன் பொருள். நூறு மீட்டரில் அது ஏறத்தாழ 12.6 மீட்டர். இந்த எண் கூடுதலாக இருந்தால், புதருக்குள் நகரும் விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது.

விடியல் வெளிச்சமே சோதனை

காப்பகங்களின் காலைச் சவாரி சூரிய உதயத்தையொட்டித் தொடங்குகிறது. விலங்குகள் நடமாடும் நேரமும் அதுவே. வெளிச்சம் மிகக் குறைந்திருக்கும் நேரமும் அதுவே. கன்ஹாவின் அடர்ந்த சால் மரக்காட்டுக்குள் இருள் விலக மேலும் நேரம் பிடிக்கும்.

இங்குதான் இரண்டாவது எண் முக்கியத்துவம் பெறுகிறது. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கருவியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5.25 மி.மீ.; 10×42-இல் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 8×25-இல் சுமார் 3 மி.மீ. மட்டுமே. நண்பகலில் மனிதக் கண்ணின் பாவை 2 முதல் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் சிறிய கருவியே போதும். மங்கிய ஒளியில் இளையோரின் பாவை 7 மி.மீ. வரை விரியக்கூடும், வயது கூடும்போது அந்த விரிவு குறைகிறது. எனவே விடியற்காலையில் 8×25 வழியாகத் தெரியும் காட்சி இருண்டிருக்கும். அதே வேளையில் 8×42 கருவிகள் பொதுவாக 550 முதல் 750 கிராம் வரை எடை கொண்டவை. சிறியவை அதில் பாதி. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பகத்தில் பகல் முழுவதும் நடந்தோ சைக்கிள் ரிக்‌ஷாவிலோ சுற்றுவோர் சிறிய கருவியைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு.

எவ்வளவு செலவிடலாம்?

சாலையோரத்திலும் இணையத்திலும் ஓராயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவற்றுள் பல, சிவப்பு நிறப் பூச்சுடன் கண்ணைக் கவரும். அந்தப் பூச்சு காட்சியின் நிறத்தை மாற்றி ஒளியையும் குறைக்கிறது. அறியப்பட்ட நிறுவனங்களின் 8×40 அல்லது 8×42 கருவிகள் ஏறத்தாழ 6,000 முதல் 10,000 ரூபாய் அளவில் தொடங்குகின்றன.

இந்த விலை வரம்பில் போரோ வகை சிறந்த தேர்வு. கண்வைக்கும் குழாயும் முன்கண்ணாடியும் நேர்கோட்டில் அமையாமல் தோள்பட்டைபோல் விரிந்திருக்கும் பழைய வடிவம் அது. நேர்க்குழாய் போன்ற ரூஃப் வகை மெலிதானது; ஆனால் அதன் பட்டகங்களுக்கு நுட்பமான பூச்சுகள் தேவைப்படுவதால், அதே தெளிவைப் பெறக் கூடுதல் பணம் செலவாகும். ரூஃப் வகையில் நீர்புகாத, நைட்ரஜன் வாயு நிரப்பிய கருவிகள் எளிதில் கிடைப்பது அதன் சாதகம். குளிர்காலப் பனிமூட்டம் சூழ்ந்த காசிரங்காவுக்கோ, மழைக்காலப் பயணத்துக்கோ சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது பயன்தரும்.

நால்வர் செல்லும் குடும்பத்துக்கு 14,000 ரூபாய்க் கருவி ஒன்றைவிட 7,000 ரூபாய்க் கருவிகள் இரண்டே மேல். புலி பாதையைக் கடக்கச் சில நொடிகளே போதும். அதற்குள் கருவி கை மாறி, ஒவ்வொருவரின் கண் இடைவெளிக்கும் பார்வைக்கும் ஏற்பச் சரிசெய்யப்படுவதில்லை. சிறுவர்களின் கண் இடைவெளிக்கு ஏற்பக் குறுக முடியாத கருவிகளும் உள்ளன. வாங்கும்போதே அவர்களைப் பார்க்கச் சொல்வது அவசியம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர் ‘ஐ ரிலீஃப்’ எனும் அளவையும் கவனிக்க வேண்டும். அது 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரங்கள் மறைந்துவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

கருவியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், கண்வைக்கும் கண்ணாடிகளில் இரு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டப்பட்டதுபோல் தெரிந்தால் பட்டகம் தரம் குறைந்தது எனலாம். பின்னர் தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைச் சில நிமிடங்கள் பார்க்க வேண்டும். எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் வலித்தாலோ, இரு குழாய்களும் ஒரே திசையில் அமையவில்லை என்று பொருள். இணையத்தில் வாங்குவோர் இச்சோதனையைத் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும். பழைய கருவி எனில் முன்கண்ணாடி வழியே டார்ச் அடித்து, உள்ளே நூல்போல் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

வாங்கியதும் முதல் வேலை, இரு கண்களுக்கும் பொருத்துவது. வலது குழாயை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். அடுத்து இடது குழாயை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்க வேண்டும். வளையம் இல்லாத, குவியத்தை மாற்ற முடியாத கருவிகளை வாங்காதிருப்பதே நலம். எக்காரணம் கொண்டும் சூரியனை இதன் வழியே பார்க்கக் கூடாது, கண்பார்வையே பறிபோகலாம்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மொட்டை மாடியில் மைனாவையும் காகத்தையும் பார்த்துப் பழகலாம். விலங்கைப் பார்த்த கண்ணை எடுக்காமல் கருவியை முகத்துக்குக் கொண்டுவருவதே முறை. குனிந்து கருவியைத் தேடினால் விலங்கு தவறிவிடும். வாகனத்தில் முழங்கைகளைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்துமாறு ஓட்டுநரிடம் கேட்கலாம். கண்ணாடியில் படியும் செம்மண் தூசியைச் சட்டையால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி அகற்றிய பிறகே மென்துணியைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு பயணத்துக்காக வாங்கத் தயங்குவோருக்கு வேறு வழியும் இருக்கிறது. சில சுற்றுலாத் தலங்களில் பைனாகுலர்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன; வழிகாட்டிகள் சிலர் சொந்தமாக ஒன்று வைத்திருப்பதும் உண்டு. அறை முன்பதிவு செய்யும்போதே விடுதியில் இதை விசாரித்துக்கொள்ளலாம்.