காங்கோவில் உயிர் கொடுத்த காப்டன்

"மார்பு போதிய அகலம் இல்லை" என்று சொல்லி, பெங்களூர் ராணுவப் பள்ளியில் ஒரு சிறுவனைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எழுத்துப் பரீட்சையில் தேறியும் பயன் இல்லை. பையன் விடவில்லை. தேகப்பயிற்சி செய்தான். மார்பு அகன்றது. மறுபடியும் போய் இடம் பிடித்தான்.

அவன்தான் குர்பச்சன் சிங் சலாரியா. 1935 நவம்பர் 29-ந் தேதி பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிறந்தவன். தகப்பனாரும் பட்டாளத்துக்காரர்.

1947-ல் நாடு பிரிந்தது. பிறந்த கிராமம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. குடும்பம் வீடு வாசலை விட்டு, குர்தாஸ்பூர் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவனுக்கு வயது 11.

சலாரியா 1957-ல் ராணுவ அதிகாரி ஆனார். பிறகு கூர்க்காப் படையில் காப்டன்.

செம்பு விளையும் பூமி

ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் பெரிய நாடு காங்கோ. 1960 ஜூன் 30-ந் தேதி பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. 11 நாள்தான் ஆயிற்று. "நாங்கள் தனி நாடு" என்று கிளம்பியது கடாங்கா மாகாணம். செம்புச் சுரங்கங்கள் நிறைந்த மாகாணம் அது! அதன் தலைவர் சோம்பேக்குச் சுரங்கப் பணம் துணை. கூலிக்குச் சண்டை போடும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் துணை.

காங்கோவில் அமைதி காக்க ஐ.நா. சபை பல நாட்டுப் படைகளை அனுப்பியது. 1961-ல் இந்தியாவும் ஒரு பிரிகேடை அனுப்பிற்று. சலாரியா அங்கே போன கதை இதுதான். அந்த நாட்டில் அவருக்குக் காணி நிலம் கிடையாது, உற்றார் உறவினர் கிடையாது. ஆனால் ஒரு நாடு துண்டானால் ஜனங்கள் படும் பாடு அவருக்குத் தெரியும்.

90 பேருக்கு எதிரே 16 பேர்

1961 டிசம்பர் 5-ந் தேதி. கடாங்காவின் தலைநகரான எலிசபெத்வில்லில் ஐ.நா. படையின் தலைமை முகாம் இருந்தது. நகருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள சாலையைக் கடாங்காப் படையினர் மறித்துக்கொண்டார்கள். விட்டு வைத்தால் தலைமை முகாமே முற்றுகையில் சிக்கிவிடும்.

ஒரு கூர்க்காப் படை தடையை நேருக்கு நேர் தாக்கப் போயிற்று. விமான நிலையப் பக்கமிருந்து சலாரியா புறப்பட்டார். உடன் 16 வீரர்கள், இரண்டு கவச வண்டிகள்.

தடைக்கு இன்னும் 1,500 கஜம் இருக்கும். திடீரென்று வலது பக்க மறைவிலிருந்து குண்டு மாரி! அங்கே எதிரிகள் இருப்பது யாருக்கும் தெரியாது. சுமார் 90 பேர். அவர்களிடமும் இரண்டு கவச வண்டிகள்.

பின்வாங்கியிருக்கலாம். சலாரியா பாய்ந்தார். ராக்கெட் குண்டு பட்டு எதிரியின் கவச வண்டிகள் இரண்டும் செயலற்றுப் போயின. கையெறி குண்டுகள் வெடித்தன. அடுத்து கைகலப்பு. துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியும், கூர்க்காக்களின் வளைந்த குக்ரிக் கத்தியும் வேலை செய்தன. எதிரிகளில் 40 பேர் மாண்டனர். மற்றவர்கள் ஓட்டம் பிடித்தனர். முகாம் தப்பியது.

சலாரியாவின் கழுத்தில் குண்டு பாய்ந்திருந்தது. ரத்தம் கொட்டக் கொட்டப் போராடினார். பிறகு சாய்ந்தார், எழவே இல்லை. 26 வயது நிறைந்து ஆறே நாள்.

1962-ல் அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. மறு வருஷம் ஜனவரியில் கடாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. எலிசபெத்வில்லுக்கு இன்று லுபும்பாஷி என்று பெயர். அந்தமானில் ஒரு தீவுக்கு 2023-ல் சலாரியாவின் பெயரைச் சூட்டினார்கள்.