நாகவல்லி பேசிய தமிழ்

வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம் என்பது வலியசாலைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1993 டிசம்பரில் வெளியான பாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' படத்து கங்காவுக்கும் இரண்டு மொழிகள் உண்டு. ஆனால் அவள் தமிழ் பேசினால் பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும்! தன்னைத் தஞ்சாவூர் நர்த்தகி நாகவல்லியாக எண்ணும்போதுதான் அவள் தமிழ் பேசுகிறாள். பேய் என்று ஊர் பயப்பட, அது மனநோய் என்று கண்டுபிடிப்பவர் மருத்துவர் சன்னி. வெகுநேரம் கழித்தே வரும் மோகன்லால், நம்மைச் சிரிக்க வைத்தபடியே சந்தேகத்தை ஒவ்வொருவர் மீதும் திருப்பிவிடுகிறார். கணவன் நகுலனாக சுரேஷ் கோபி அடக்கமாகச் செய்திருக்கிறார்.

ஷோபனா நம் திருவனந்தபுரத்துக்காரர். லலிதா, பத்மினி, ராகினி குடும்பத்தைச் சேர்ந்தவர். வெளியே போகக்கூடாது என்று கணவன் தடுத்ததும் முகம் மெல்ல மாறி, ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்குகிறாரே, அந்த ஒரு காட்சி போதும். இப்படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று பலரும் நம்பிவந்தனர். அது தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் துர்காவுடையது என்று 2016ஆம் ஆண்டில்தான் பாசில் தெரிவித்தார். படம் வந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு! 2024 ஆகஸ்டில் படம் புதுப்பொலிவுடன் மீண்டும் திரைக்கு வந்தது. அடுத்த முறை பார்க்கும்போது, கட்டில் காட்சியில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.