குக்கர் கைப்பிடியில் ஒரு கார்

மேசைமேல் பரப்பிக் கிடந்த பிளாஸ்டிக் சட்டங்களைப் பார்த்துவிட்டு அக்கா மகன் கேட்டான்: “மாமா, நிஜக் காரே பிளாஸ்டிக்குன்னு சொல்றீங்க. இதுவும் பிளாஸ்டிக்கு. அப்புறம் இதுல மாதிரின்னு என்ன இருக்கு? குட்டியா ஒரு நிஜக் கார்னே சொல்லிடலாமே?”

கேள்வி நன்றாகத்தான் இருந்தது. பதில் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கிட்டைக் கட்டி முடிக்கவும் அவ்வளவு நாள்தான் பிடித்தது.

கார் டிராபன்ட் 601. கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருந்த காலத்தில், சாக்சனிப் பகுதியின் ஸ்விக்காவ் நகரில் தயாரான சாமானியர் வண்டி. 1957இல் தொடங்கி 1991 ஏப்ரல் 30 வரை, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராபன்ட்கள் அந்த ஊரிலிருந்து வெளியே வந்தன. பெயருக்குத் ‘துணைக்கோள்’ என்று பொருள். ஸ்புட்னிக் பறந்த ஆண்டின் சூட்டில் வைத்த பெயர். 601 என்ற வடிவம் 1964இல் வந்தது. அதற்குப் பிறகு முகம் ஏறக்குறைய மாறவே இல்லை. பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். கையோடு கிடைக்கிறது என்பதற்காகவே, ஓடித் தேய்ந்த பழைய வண்டி புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. 1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்ததும் நீலப் புகையோடு மேற்கே வரிசைகட்டிப் போனவையும் இவைதான்.

இந்த வண்டிக்கு ‘ஓடும் அட்டை’ என்ற பொருளில் ஜெர்மானியர்கள் ஒரு கேலிப்பெயர் வைத்திருந்தார்கள். அட்டை அல்ல, ஆனால் கேலியில் ஒரு துளி உண்மை உண்டு. கார் உடலுக்கு ஏற்ற மெல்லிய எஃகுத் தகடு அந்த நாட்டில் போதுமான அளவு தயாராகவில்லை. மேற்கிலிருந்து வாங்கவும் வணிகத் தடை குறுக்கே நின்றது. கைக்குக் கிடைத்தது சோவியத் ஆலைகளின் பருத்திக் கழிவு. அந்த நாரை மெத்தைபோலப் பரப்பி, ஃபீனாலிக் ரெசின் பொடியைத் தூவி, அடுக்கடுக்காகச் சேர்த்து, சூடான அச்சில் சில நிமிடம் அழுத்தி எடுத்தால் கதவு ஒன்று தயார். மட்கார்டு, பானெட், கூரை எல்லாம் இதே வழிதான். உள்ளே எஃகுச் சட்டகம், வெளியே பஞ்சும் பிசினும் சேர்ந்த தோல். டியூரோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். தோல் துருப்பிடிக்காது என்று பெருமை பேசலாம். உள்ளே இருந்த எஃகு சத்தமில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தது என்பது வேறு கதை.

டியூரோபிளாஸ்டின் நெருங்கிய உறவினரை நீங்கள் இன்று காலைகூடத் தொட்டிருப்பீர்கள். பிரஷர் குக்கரின் கறுப்புக் கைப்பிடி. லியோ பேக்லேண்ட் 1907இல் கண்டுபிடித்த பேக்கலைட்டும் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியவைத்துக் கிடைப்பதே. இந்த வகைப் பலபடிக்குச் சூடு ஏறும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடும். பிணைந்தபின் பிரியாது. மறுபடி சூடாக்கினால் இளகாது, கருகும். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாது, அல்லவா? அதே கதை. பாடப்புத்தகம் இதை ‘இறுகும் நெகிழி’ என்கிறது.

கிட்டில் இருப்பது பாலிஸ்டைரீன். இது ‘இளகும் நெகிழி’. இட்லி அல்ல, வெல்லம். இதன் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு இல்லை. இடியாப்பச் சிக்கலைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கின்றன, அவ்வளவே. 100 டிகிரி செல்சியஸை ஒட்டி விறைப்பு தளர்கிறது. ஆறினால் மறுபடி இறுகுகிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படி ஆட்டம் காட்டலாம். ஆக, உருகவே உருகாத ஒரு காரின் உருவத்தை, உருகுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பொருளில் வார்த்திருக்கிறார்கள். பையனுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் சொன்னேன். “அப்ப வெளித்தோற்றம் மட்டும்தான் ஒண்ணு” என்றான். சரிதான்.

ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் 1:24 அளவில் இந்த வண்டியின் கிட்டை வெளியிட்டிருக்கிறது. 24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடிக்கோல் காலத்துப் பழக்கம்: ஓர் அடிக்கு அரை அங்குலம். நிஜ வண்டியின் நீளம் 3,555 மில்லிமீட்டர். மாதிரி 148 மில்லிமீட்டர். ஒரு ஜாண்கூட வராது.

பாகங்கள் தனித்தனியாக வருவதில்லை. ஸ்ப்ரூ என்னும் சட்டத்தில், காம்பில் காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டு வரும். 200 டிகிரிக்கு மேல் இளக்கிய பாலிஸ்டைரீனைப் பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் பாய்ச்சும்போது, அது ஓடிவந்த வாய்க்கால்தான் உறைந்து ஸ்ப்ரூவாகிறது. அச்சு இரண்டாகப் பிளந்து பாகத்தை விட வேண்டும் என்பதால் எந்தப் பக்கமும் நேர்ச்செங்குத்தாக இருக்க முடியாது. ஒரு நூலளவு சரிவு வேண்டும். இட்லித்தட்டின் குழியை யோசித்துப் பாருங்கள். குழி கிண்ணம்போல விரிந்திருப்பதால்தான் இட்லி கழன்று வருகிறது. வாய் குறுகிய செம்பில் வார்த்தால் இட்லியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தடித்த இடங்களில் ஆறும்போது சுருங்கி மேற்பரப்பு சற்றுக் குழியும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகள் உள்பக்கத்தில் வட்டத் தழும்பு விட்டுச்செல்லும். வட்டங்கள் சீட்டின் முதுகில் இருந்தால் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். அரை நாள் உப்புத்தாளோடு போனது.

ஒட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். ‘ஒட்டுவது’ என்பது பேச்சு வழக்கு, நடப்பது பற்றவைப்பு. பசைக்குப்பியில் பசை என்று ஒன்றும் இல்லை. பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, பிரஷ் முனையை இடுக்கில் தொட்டால் போதும். திரவம் நுண்புழை ஈர்ப்பில் தானே ஓடிப் பரவும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விசை. கரைப்பான் உள்ளே புகுந்ததும் சங்கிலிகள் தளர்ந்து, இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்து இழை இந்தப் பக்கத்துக்கும் நுழைந்து பின்னிக்கொள்ளும். பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். பின்னல் மட்டும் நிற்கும். இரண்டு பாகம் என்ற பேச்சே அங்கே முடிந்தது. ஆவி முழுக்கப் போகச் சில நாள் ஆகும் என்பதை மறந்து மறுநாளே தேய்த்துச் சமப்படுத்தினால், ஒரு வாரம் கழித்து இணைப்பு சுருங்கிக் கோடாக மேலே தெரியும். எனக்குக் கூரை ஓரத்தில் தெரிந்தது.

இந்த வித்தை நிஜ டிராபன்ட்டிடம் பலிக்காது. வலையாகப் பிணைந்த சங்கிலிகளை எந்தக் கரைப்பானும் அவிழ்க்காது. கதவில் விரிசல் விழுந்தால் ரெசினும் கண்ணாடி நார்த்துணியும் வைத்து மேலே ஒட்டுப்போட வேண்டியதுதான். ஒட்டுக்கும் கதவுக்கும் நடுவே எல்லை இருந்துகொண்டே இருக்கும். ஆயுள் முடிந்த வண்டிகளைத் தீர்த்துக்கட்டுவதும் இதே காரணத்தால் தலைவலியானது. எஃகை உருக்கலாம், இதை உருக்க முடியாது, எரித்தால் கெட்ட புகை. எமிர் குஸ்துரிகா 1998இல் எடுத்த ‘பிளாக் கேட், ஒயிட் கேட்’ படத்தில் பன்றி ஒன்று டிராபன்ட்டைக் கடித்துத் தின்றுகொண்டே இருக்கும். மறுசுழற்சிக்கு அதைவிட எளிய வழி அப்போது யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ரசாயனம் நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. ஜன்னல் கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி விரல்ரேகையின் ஈரத்தில் படிந்து வெள்ளைப் பூஞ்சைபோல மறைக்கும். (தடயவியல் துறையினர் ரேகை எடுக்க இதையேதான் பயன்படுத்துகிறார்கள்.) டயர் இன்னும் நயவஞ்சகம். பழைய கிட்களில் டயர் மென்மையான வினைலில் வரும். அதை மென்மையாக வைத்திருக்கும் குழைமம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்தைக் கரைத்துவிடும். பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் சக்கரம் டயரோடு ஒட்டிப் பாகாகியிருக்கும்.

அளவைக் குறைப்பது வெறும் வகுத்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தான் பையன். தராசைக் கொண்டுவரச் சொன்னேன். நிஜ வண்டி ஏறத்தாழ 615 கிலோ. நீளத்தை 24ஆல் வகுக்கிறோம்; அகலத்தையும் உயரத்தையும் அப்படியே. ஆக எடையை 24×24×24, அதாவது 13,824ஆல் வகுக்க வேண்டும். விடை 44 கிராமுக்குச் சற்று மேல். ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. என் மாதிரி அதைவிடக் கனமாகவே இருந்தது. ஏன்? இந்தக் கிட்டின் சுவர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன். நிஜக் கணக்கில் 24 மில்லிமீட்டர். கதவா கோட்டைச்சுவரா என்று கேட்கலாம். இன்னும் மெல்லியதாக வார்த்தால் பிளாஸ்டிக் அச்சின் மூலைவரை போய்ச் சேருமுன் உறைந்துவிடும்.

பெயின்ட்டுக்கும் இதே சாபம். கார் பெயின்ட் எல்லாப் படலமும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மாதிரியில் அது 0.004 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. எந்த ஸ்பிரேயாலும் ஆகாது. பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து 0.05 மில்லிமீட்டர் ஆனாலே நிஜ அளவில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிய மாதிரி. கதவின் விளிம்புக் கோடுகள் இதில் மூடிப்போகும். ஆகவே பூசுவதற்கு முன்பே கோடுகளைக் கொஞ்சம் ஆழமாகக் கீறிக்கொள்வார்கள். நிறத்தையும் சற்று வெளிறவிட வேண்டும்: 30 சென்டிமீட்டரிலிருந்து மாதிரியைப் பார்ப்பது நிஜ வண்டியை 7.2 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். நான் எடுத்தது பாப்பிரஸ் வெள்ளை என்று அவர்கள் அழைத்த மங்கல் வெள்ளை. ஐப்பசி மழையில் பூசினேன், புத்தி கெட்டு. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பால் பூத்ததுபோல ஆகிவிடுகிறது. வெள்ளை வண்டி என்பதால் பாதி தப்பித்தேன்.

இன்ஜின் ஒரு சுகமான அத்தியாயம், காரணம் அதில் வேலையே கிடையாது. இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், ஏறக்குறைய 600 சிசி, 26 குதிரைத்திறன். காற்றால் குளிர்வதால் ரேடியேட்டர் இல்லை. டேங்க் பானெட்டுக்குள் இன்ஜினைவிட உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும், பம்ப் இல்லை. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், 50 பங்குக்கு ஒன்று. பழைய பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு அந்தப் புகையின் வாசனை இப்போதே மூக்கில் ஏறியிருக்கும்.

டாஷ்போர்டும் அப்படியே. கியர் கம்பு வளைந்த கைத்தடிபோல அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். வட்ட முகம் ஒன்றே ஒன்று, ஸ்பீடோமீட்டர். பெட்ரோல் முள் எங்கே என்று பையன் தேடினான். பல ஆண்டுகள் அந்த வண்டியில் அது கிடையாது. பானெட்டைத் திறந்து, டேங்க் மூடியைக் கழற்றி, ஓர் அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பார்கள்.

“அந்தக் குச்சி கிட்டுல இருக்கா?”

இல்லை. மிஞ்சிய ஸ்ப்ரூவில் ஒரு விரல்நீளம் வெட்டிக் கொடுத்து, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல், உருட்டிக்கொண்டே காட்டச் சொன்னேன். நடுவே பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து இரண்டு முனையையும் மெதுவாக இழுத்தான். ஜிலேபிப் பாகைப்போல ஓர் இழை நீண்டது. மெதுவாக இழுத்த இடம் தடித்தும், அவசரப்பட்ட இடம் முடிபோலவும். ஊதி ஆற்றியதும் விறைத்துக்கொண்டது.

“நிஜக் கார்ல ஒரு துண்டு எடுத்து இப்படி இழுத்தா?”

“குக்கர் பிடிய அடுப்புல காட்டிப் பாரு. அம்மா விடுவாங்களான்னு கேட்டுக்கோ.”

தடித்த பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவு நறுக்கினோம். முன்கண்ணாடியை இன்னும் பொருத்தவில்லை. சாமணத்தால் எடுத்து, ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் குறுக்காக வைத்துவிட்டு, கண்ணாடியை மூடினான்.