உள்ளிருந்து போகிறது, வெளியிலிருந்து வரவில்லை!

பள்ளியிலுள்ள ஒரு கணிப்பொறியை வீட்டிலிருந்தே இயக்க விரும்புகிறோம். அது இணையத்தில் எங்கு வேண்டுமானாலும் சென்று செய்தி கொண்டுவருகிறது. ஆனால், வெளியிலிருந்து நாம் அழைத்தால் பதில் இல்லை. ஏன்?

இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே உண்டு. அவை போதா என்று உணர்ந்த வல்லுநர்கள் 1994இல் ஓர் உபாயத்தை வெளியிட்டனர். உள்ளேயுள்ள கணிப்பொறிகளுக்கு 10 அல்லது 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள். வெளியுலகுக்கோ அனைத்துக்கும் பொதுவாக ஒரே முகவரி. வாசலில் நிற்கும் தீயரண் இவற்றை மாற்றித் தருகிறது.

உள்ளிருந்து செய்தி வெளியேறும்போது, அனுப்பியது யார் என்று தீயரண் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து உரிய கணிப்பொறிக்கு அனுப்பும். வெளியிலிருந்து முதலில் வரும் அழைப்புக்குக் குறிப்பே கிடையாது. ஆகவே அதைத் தள்ளிவிடும். இது பழுதன்று, இயல்பு!

எனவே, '3389ஆம் போர்ட்டுக்கு வருவதை 192.168.1.20க்கு அனுப்பு' என்பது போன்ற விதியை நாமே எழுதவேண்டும். அப்படியும் இணைப்பு வரவில்லையா? அந்தக் கணிப்பொறியின் முகவரி மாறியிருக்கலாம், அதை நிலையாக்குங்கள். அதன் சொந்தத் தீயரணும் வழிமறிக்கக்கூடும். சோதனையை உள்ளிருந்தே செய்யாதீர்கள். பொது முகவரிக்கு உள்ளிருந்து போகும் செய்தியைப் பல கருவிகள் திருப்பி அனுப்புவதில்லை. கைப்பேசி இணைப்பிலிருந்து சோதிப்பதே சரி.

பலரை நாட்கணக்கில் அலையவைப்பது வேறொன்று. தீயரணின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனத்திடமும் ஒரு மாற்றி இருக்கிறது என்று பொருள். இந்த எண்கள் 2012இல் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. நம் தீயரணில் எத்தனை விதி எழுதினாலும் அழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

விதி பலித்தாலும் ஆபத்து உண்டு. திறந்த போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இணையமெங்கும் ஓயாமல் உலவுகின்றன. கண்டதும் கடவுச்சொல்லை ஊகிக்கத் தொடங்கிவிடும். 3389ஐ உலகுக்குத் திறந்துவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே வழி உண்டு. உள்ளேயுள்ள கணிப்பொறியே ஓர் இடைநிலைச் சேவையகத்தை முதலில் அழைக்கட்டும். நாமும் அங்கே சென்று, நம்மை அடையாளம் காட்டிச் சந்திக்கலாம். அழைப்பு உள்ளிருந்து புறப்பட்டதால் பட்டியலில் குறிப்பு தானாகவே விழும். பேச்சில்லாமல் சிறிது நேரம் கழிந்தால் அக்குறிப்பு அழிந்துவிடும். ஆகையால், அக்கணிப்பொறி அவ்வப்போது ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும்.